மின்வினையூக்கியின் எண்கள் பிசகும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்வினையூக்கிகளை மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் சோதிக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கானது இது. ஒரு மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது கே.ஓ.எச்., கரைசல், வினையூக்கியைத் தாங்கும் வொர்க்கிங், மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ரெஃபரன்ஸ், மின்னோட்டத்தின் மறுமுனையான கவுன்டர் என மூன்று மின்முனைகள், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு பொட்டன்ஷியோஸ்டாட், நிக்கல் ஃபோமோ கிளாசி கார்பனோ தாங்கி. பெரும்பாலான இடங்களில் அமைப்பு இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய அமைப்பு ஆளை ஏமாற்றும் வழிகள் ஏராளம்.

நல்ல எண்ணும் ஓர் அறிகுறிதான். மிகை மின்னழுத்தம், அதாவது வினை நடக்கச் சமநிலைக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய மின்னழுத்தம், 60 மில்லிவோல்ட் கூடிவிட்டால் கலத்தைப் பிரித்துப் போட்டுத் தேடுகிறோம். அதே 60 குறைந்துவிட்டால் யாரும் எதையும் பிரிப்பதில்லை, கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டு நிலைக்கும் தேட வேண்டிய இடங்கள் அவையே: தண்ணீர், காரம், ரெஃபரன்ஸ், கவுன்டர், கிளிப். இந்த ஐந்தும் தேறிய பிறகுதான் வினையூக்கியைப் புகழவோ பழிக்கவோ உரிமை வருகிறது.

மின்னோட்டமே இல்லை, அல்லது திரையில் 'ஓவர்லோடு' எரிகிறது

கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுங்கள். அதன் ஒரு காலில் வொர்க்கிங் வயரையும், தனியாக சென்ஸ் வயர் இருந்தால் அதையும் மாட்டுங்கள். மறு காலில் ரெஃபரன்ஸ், கவுன்டர் இரண்டும். 0 முதல் 1 வோல்ட் வரை ஓட்டினால் நேர்கோடு வர வேண்டும். 1 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர். வந்தால் கருவியும் வயரும் நலம், கோளாறு கலத்துக்குள் இருக்கிறது.

கலத்தைத் திரும்ப மாட்டி, ரெஃபரன்ஸ் வயரை மட்டும் கவுன்டர் மின்முனையிலேயே சேர்த்துக் கடிக்க விட்டு, ஒரு சிறு மின்னழுத்தம் கொடுத்துப் பாருங்கள். இப்போது மின்னோட்டம் ஒழுங்காக வந்தால் குற்றவாளி ரெஃபரன்ஸ்: முனையில் காற்றுக் குமிழி, காய்ந்துபோன ஃப்ரிட் (முனையிலுள்ள நுண்துளை அடைப்பு), அல்லது உள்கரைசல் மட்டம் இறங்கியிருத்தல். அப்போதும் வரவில்லை என்றால் வொர்க்கிங் அல்லது கவுன்டர் பக்கத்துத் தொடர்பு விட்டிருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்து ஃபோமுக்கும் கிளிப்புக்கும் இடையே தடையைப் பாருங்கள்.

ரெஃபரன்ஸ் தொடர்பு அறுந்த நிலையில் கருவி தன்னால் முடிந்த முழு மின்னழுத்தத்தையும் கவுன்டருக்குக் கொடுத்துவிடும். சில நொடிகளில் வினையூக்கியின் மேற்பரப்பு மாறிப்போகும். ஓவர்லோடு கண்ட மின்முனையை அந்தத் தொடரிலிருந்து நீக்கிவிட்டுப் புதியது செய்யுங்கள். அதையே கழுவிப் போட்டு எடுத்த எண்ணை நம்ப வழியில்லை.

கோடு நடுங்குகிறது

நடுக்கத்தில் இரண்டு வகை. ஒன்று, மின்னோட்டம் ஏற ஏறத் தலைகாட்டும் ரம்பப்பல் நடுக்கம்: மெல்லச் சரிந்து, சட்டென்று மீண்டு, மறுபடி சரியும். இது குமிழி. குமிழி வளரும்போது பரப்பை மூடுகிறது, கழன்றதும் பரப்பு திறக்கிறது. மின்முனையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சுழலும் தட்டு மின்முனையானால் நிமிடத்துக்கு 1600 சுற்றில் ஓட்டுங்கள். கீழ்நோக்கிய தட்டின் நடுவில் ஒட்டிக்கொள்ளும் குமிழி அப்போதும் போகாவிட்டால் மின்முனையைக் கொஞ்சம் தூக்கி மறுபடி இறக்கினால் விலகும்.

இன்னொன்று, மின்னோட்டம் சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதே சீரான அலையாக வருவது. இது 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சல். மேக்னடிக் ஸ்டிரர், ஏசி, ஃபேன் ரெகுலேட்டர் என ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அலுமினிய வலையால் ஒரு பெட்டி செய்து கலத்தை உள்ளே வைத்து, பெட்டியைப் பொட்டன்ஷியோஸ்டாட்டின் எர்த் முனையில் இணைத்தால் பெரும்பகுதி அடங்கும். அடங்காவிட்டால் ரெஃபரன்ஸின் இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை, அளந்து பாருங்கள். 1 கிலோ ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 5 கிலோ ஓமைத் தாண்டினால் ஃப்ரிட் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஒரே வினையூக்கி: நேற்று 270 மில்லிவோல்ட், இன்று 310

முதல் சந்தேகம் ரெஃபரன்ஸ் மேல். கார ஊடகத்துக்கு மெர்குரி–மெர்குரி ஆக்சைடு மின்முனைதான் பொருத்தம். சில்வர்–சில்வர் குளோரைடை ஒரு மோலார் காரத்தில் முக்கி வைத்தால் ஹைட்ராக்சைடு அயனி ஃப்ரிட் வழியாக உள்ளே ஊறிச் சில்வர் ஆக்சைடை உண்டாக்கும். மின்னழுத்தம் மணிக்கு மணி நகரும். போதாததற்குக் குளோரைடு வெளியே கசியும். இருக்கிற ஒரே ரெஃபரன்ஸ் அதுதான் என்றால், ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கீழே சொல்லும் அளவீட்டைச் செய்தே தீர வேண்டும்.

மெர்குரி ஆக்சைடு மின்முனையின் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்று பாருங்கள். வெளியே உள்ள அதே ஒரு மோலார் கே.ஓ.எச். உள்ளேயும் இருக்க வேண்டும். வாங்கும்போது வேறு செறிவோ சோடியம் ஹைட்ராக்சைடோ இருந்தால் ஊற்றிவிட்டு மாற்றுங்கள். அந்தக் கழிவில் பாதரசம் உண்டு; தொட்டியில் கொட்டாமல் மூடியிட்ட தனிப் புட்டியில் சேருங்கள்.

அடுத்து, மீள் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலுக்கு, சுருக்கமாக ஆர்.எச்.இ.க்கு, மாற்றும் எண். பலரும் சூத்திரத்தில் பி.எச். போட்டுக் கணக்கிடுகிறார்கள். ஒருவர் 14 என்கிறார், இன்னொருவர் 13.6 என்கிறார், 0.4 வித்தியாசம் 24 மில்லிவோல்ட். பி.எச். மீட்டரை நம்பியும் பயனில்லை, அதன் கண்ணாடி மின்முனை இவ்வளவு வலுவான காரத்தில் குறைத்துக் காட்டும். அதனால் நேரடியாக அளந்துவிடுங்கள். சுத்தமான பிளாட்டினம் கம்பி வொர்க்கிங், இன்னொரு பிளாட்டினம் கவுன்டர், சோதிக்க வேண்டிய ரெஃபரன்ஸ், அதே கரைசல், அதே வெப்பநிலை. ஹைட்ரஜனை 30 நிமிடம் குமிழியிட்டு, மின்னோட்டம் சுழியமாகும் இடத்தைச் சுற்றி நொடிக்கு 1 மில்லிவோல்ட் வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் சுழியத்தைக் கடக்கும் இரண்டு புள்ளிகளின் சராசரிதான் உங்கள் எண். உள்ளும் புறமும் ஒரே கே.ஓ.எச். என்றால் 25 டிகிரியில் ஏறத்தாழ 0.92 வோல்ட் வரும். 0.90 வந்தால் மின்முனை நகர்ந்துவிட்டது. இந்த வேலையை ஃபியூம் ஹுட்டுக்குள், பக்கத்தில் தீயோ தீப்பொறியோ இல்லாமல் செய்யுங்கள். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும்.

தினமும் இதைச் செய்ய முடியாது. ஒரு நல்ல ரெஃபரன்ஸைச் சோதனைக்குப் பயன்படுத்தாமல் தாய் மின்முனையாக ஒதுக்கி வையுங்கள். காலையில் வேலைக்கு எடுக்கும் மின்முனையையும் தாயையும் ஒரே கரைசலில் நிறுத்தி மல்டிமீட்டரால் வித்தியாசம் பாருங்கள். 3 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்; 5-ஐத் தாண்டினால் உள்கரைசலை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு நிமிடமும் ஆகாத இந்தச் சோதனை மாதக்கணக்கான உழைப்பைக் காப்பாற்றும்.

ரெஃபரன்ஸ் தேறிவிட்டால் காரத்துக்கு வாருங்கள். கே.ஓ.எச். வில்லைகள் சுமார் 85 சதவீதத் தூய்மையில்தான் வருகின்றன, மிச்சம் பெரும்பாலும் ஈரம். 56.1 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கினால் கிடைப்பது 0.85 மோலார். ஒரு மோலாருக்கு 66 கிராம் வேண்டும். புட்டி பலமுறை திறந்து மூடப்பட்டிருந்தால் அந்தக் கணக்கும் பொய்க்கும். உறுதி செய்ய, கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, 0.5 கிராம் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டுக்கு எதிரே பினாஃப்தலீன் போட்டுத் தரம்பாருங்கள், 24.5 மில்லிலிட்டர் செலவானால் மூலக் கரைசல் சரியாக ஒரு மோலார். திறந்து கிடக்கும் காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாகும். பாலிப்ரோப்பிலீன் புட்டியில் இறுக மூடி வையுங்கள்.

மூன்றாவது வெயில். வெளியாகும் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரியில் எடுத்தவை. சித்திரை, வைகாசியில் குளிரூட்டாத ஆய்வக அறை 36, 38 டிகிரியில் நிற்கும். சூட்டில் வினைவேகம் கூடும், கரைசலின் தடை குறையும். அதே மின்முனை மார்கழியில் காட்டியதைவிட நல்ல எண்ணைக் காட்டும். ஆர்.எச்.இ. சூத்திரத்தில் ஒரு பி.எச்.சுக்கு 59.2 மில்லிவோல்ட் என்று போடுகிறோமே, அது 25 டிகிரிக்கான எண்; 35 டிகிரியில் அது 61.1. இரட்டைச் சுவர்க் கலத்தில் நீரோட்டம் விட்டு வெப்பநிலையை நிறுத்துங்கள். ஆனால் சூடாக்க மட்டுமே தெரிந்த சர்குலேட்டரால் அறையைவிடக் கீழே இறக்க முடியாது. குளிரூட்டும் சர்குலேட்டருக்கு வசதியில்லை என்றால் எல்லாச் சோதனைகளையும் 40 டிகிரியில் நிலைநிறுத்திச் செய்து, அதை அப்படியே எழுதுங்கள். ஆக்சிஜன் வினையின் சமநிலை மின்னழுத்தத்தை 1.229-க்குப் பதில் 1.216 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'அறை வெப்பநிலை' என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். மதுரையில் அறை வெப்பநிலை என்பது மாதத்துக்கு மாதம் வேறு.

சுழற்சிக்குச் சுழற்சி செயல்திறன் கூடிக்கொண்டே போகிறது

மிக அதிகமாக ஏமாற்றும் அறிகுறி இதுதான். ஐம்பதாவது சுழற்சியில் முதலாவதைவிட நல்ல எண் வந்தால், 'வினையூக்கி தன்னைத்தானே செம்மைப்படுத்திக்கொள்கிறது' என்று எழுதிவிடத் தோன்றும். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் வேறொரு உலோகம் வந்து ஒட்டவில்லை என்று காட்டும் வரை அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள்.

ஆக்சிஜன் பக்கத்தில் வந்து ஒட்டுவது இரும்பு. நிக்கல் ஆக்சைடு மின்முனையின் ஆக்சிஜன் வெளியேற்றத்தைக் கரைசலில் உள்ள இரும்பு மாசு தூண்டுகிறது என்பதை 1987-இலேயே கோரிகன் காட்டினார். 2014-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பாட்சரின் குழு, இரும்பை முழுக்க நீக்கிய காரத்தில் நிக்கல் ஹைட்ராக்சைடு மிக மோசமான வினையூக்கி என்றும், முன்பு நிக்கலுக்குக் கிடைத்துவந்த பெருமை இரும்புக்கு உரியது என்றும் தெளிவாக்கியது. சாதாரண ஆய்வகத் தரக் கே.ஓ.எச்.சில் உள்ள, ஒரு பி.பி.எம்.முக்கும் குறைவான இரும்பே இதற்குப் போதும். கோபால்ட் ஹைட்ராக்சைடும் அப்படித்தான் இரும்பை வாங்கிக்கொள்ளும்.

சுழற்சி வோல்டமெட்ரி, அதாவது சி.வி., கோட்டைப் பார்த்தாலே ஒரு துப்பு கிடைக்கும். நிக்கலின் ஆக்சிஜனேற்ற முகடு சுழற்சிதோறும் நேர்த்திசையில் தள்ளிப்போய், கூடவே ஆக்சிஜன் மின்னோட்டம் முன்னதாகத் தொடங்கினால் இரும்பு உள்ளே போகிறது என்று பொருள். உறுதிப்படுத்த, இரும்பு நீக்கிய காரத்தில் அதே மின்முனையின் புதிய படியை ஓட்டுங்கள். நீக்கும் முறை இது. எல்லாம் பாலிப்ரோப்பிலீனில், கந்தக அமிலத்தால் கழுவியதில். கண்ணாடி வேண்டாம், காரம் கண்ணாடியை அரித்து அதிலுள்ள இரும்பையும் சிலிக்காவையும் வெளியே எடுக்கும்.

1. 50 மில்லிலிட்டர் சென்ட்ரிஃபியூஜ் குழாயில் 99.999 சதவீதத் தூய்மையுள்ள நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 2 கிராமை 4 மில்லிலிட்டர் மிகத்தூய நீரில் கரையுங்கள்.
2. ஒரு மோலார் கே.ஓ.எச். 20 மில்லிலிட்டர் சேருங்கள். பச்சை நிற நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படியும். குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்நீரை வடித்துவிடுங்கள்.
3. 20 மில்லிலிட்டர் நீரும் 2 மில்லிலிட்டர் கே.ஓ.எச்.சும் ஊற்றிக் கலக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து வடியுங்கள். இப்படி மூன்று முறை.
4. சுத்தம் செய்ய வேண்டிய கே.ஓ.எச்.சை 50 மில்லிலிட்டர் வரை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் குலுக்கி, 3 மணி நேரமாவது அசையாமல் வையுங்கள். இரும்பை நிக்கல் ஹைட்ராக்சைடு பிடித்துக்கொள்ளும்.
5. சென்ட்ரிஃபியூஜ் செய்து தெளிந்த காரத்தை மட்டும் சுத்தமான பாலிப்ரோப்பிலீன் புட்டியில் எடுங்கள்.

இந்தக் காரத்தில் செயல்திறன் ஏறாமல் நின்றுவிட்டால் முன்பு பார்த்த ஏற்றம் இரும்புடையது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிக்கல்–இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு கார ஊடகத்தின் சிறந்த ஆக்சிஜன் வினையூக்கிகளில் ஒன்று. இரும்பை வேண்டுமென்றே, தெரிந்த அளவில் சேர்த்து, தொடரை மறுபடி செய்யுங்கள்.

காரம் சுத்தமாக இருந்தும் இரும்பு வந்தால் எங்கிருந்து? எஃகு ஸ்பேட்டுலா, தோல் உரிந்த ஸ்டிரர் துண்டு, கரைசலில் நனையும் முதலைக் கிளிப். ஆடிக் காற்றில் சன்னலைத் திறந்து வைத்தால் செம்மண் தூசி. அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். கிளிப் நனைவதைப் பலர் கவனிப்பதில்லை. நிக்கல் ஃபோம் திரி போல. கரைசல் அதில் ஊறி ஏறி, நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கும் கிளிப்பையும் தொட்டுவிடும். ஒரு சதுர சென்டிமீட்டரை மட்டும் விட்டுவிட்டு அதற்கு மேலே ஒரு பட்டையாக எபாக்சி பூசி ஃபோமின் துளைகளை அடைத்துவிடுங்கள். ஊறி ஏறிய பகுதியும் வினை புரிவதால் பரப்பளவுக் கணக்கும் கெட்டிருக்கும். இந்த அடைப்பு அதையும் சேர்த்துச் சரிசெய்கிறது.

ஹைட்ரஜன் பக்கத்தில் வந்து ஒட்டுவது பிளாட்டினம். கவுன்டராகப் பிளாட்டினம் கம்பியை வைத்தால், வொர்க்கிங்கில் ஹைட்ரஜன் வெளியேறும் நேரமெல்லாம் கவுன்டர் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதில் துளியளவு பிளாட்டினம் கரைந்து, கரைசலில் மிதந்து வந்து, உங்கள் வினையூக்கி மேல் படிகிறது. கந்தக அமிலத்தில் இது வேகமாக நடக்கும். சில்வர்–சில்வர் குளோரைடிலிருந்து குளோரைடு கசிந்தால் இன்னும் வேகம். விலைமலிந்த உலோக சல்ஃபைடு ஒன்று ஆயிரம் சுழற்சிக்குப் பிறகு பிளாட்டினத்தைப் போல நடந்துகொள்கிறது என்றால், அது உண்மையிலேயே பிளாட்டினமாக இருக்கக்கூடும். கவுன்டருக்குக் கிராஃபைட் கம்பியைப் போட்டு, நடுவில் அயனி கடத்தும் பாலிமரான நாஃபியான் சவ்வு வைத்து, புதிய மின்முனையில் மறுபடி ஓட்டுங்கள். கிராஃபைட்டும் மெல்ல உதிரும், அதனால் சவ்வை விட்டுவிடாதீர்கள்.

கோடு மேலே போய்ப் பின்னோக்கி வளைகிறது

கரைசலின் தடையில் வீணாகும் மின்னழுத்தத்தைக் கழிக்கும் ஐ.ஆர். திருத்தம் மிகையாகிவிட்டது. மின்னோட்டம் கூடும்போது மின்னழுத்தம் குறைவதாகக் காட்டும் வளைவு இயற்கையில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது.

கரைசலின் தடையை ஒவ்வொரு மின்முனைக்கும், கலத்தை மறுபடி மாட்டும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும்; போன வாரத்து எண்ணைப் போடக்கூடாது. 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை, 10 மில்லிவோல்ட் வீச்சில் இம்பீடன்ஸ் எடுத்து, உயர் அதிர்வெண் பக்கம் கோடு மெய்யச்சை வெட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 85 முதல் 90 சதவீதம் வரை திருத்தினால் போதும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் 1.5 ஓம் தடையில் 100 மில்லிஆம்பியர் ஓடினால் 150 மில்லிவோல்ட் போய்விடுகிறது. தடையை 0.2 ஓம் தவறாக எடுத்தால் 20 மில்லிவோல்ட் பொய். அதனால் திருத்தாத கோட்டையும் பக்கத்திலேயே கொடுங்கள், எத்தனை ஓம், எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்.

1.4 வோல்ட் அருகே ஒரு மேடு, 10 மில்லிஆம்பியர் அதன் மேலேயே விழுகிறது

நிக்கலின் ஆக்சிஜனேற்ற நிலை இரண்டிலிருந்து மூன்றாக உயரும் முகடு அது; ஆக்சிஜன் அங்கே வெளியேறவில்லை. ஃபோமில் நிக்கல் அதிகம் இருப்பதால் மிகை மின்னழுத்தத்தைப் படிக்க வழக்கமாக எடுக்கும் 10 மில்லிஆம்பியரை இந்த முகடே தாண்டும். அங்கிருந்து மிகை மின்னழுத்தத்தைப் படித்தால் 170, 180 என்று அழகான எண் வரும், பொருளில்லாத எண். திரும்பி வரும் கோட்டில் படியுங்கள். இன்னும் நல்லது, 10 மில்லிஆம்பியரை நிலையாகச் செலுத்தி 10 நிமிடம் கழித்து நிற்கும் மின்னழுத்தத்தை எடுப்பது.

வேகமாக ஓட்டினாலும் இதே வகைப் பொய் வரும். மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிஃபாரட் உள்ள மின்முனையை நொடிக்கு 50 மில்லிவோல்ட்டில் ஓட்டினால் 2.5 மில்லிஆம்பியர் வெறும் மின்னேற்ற ஓட்டம். 1 முதல் 5 மில்லிவோல்ட் வேகத்துக்கு இறங்குங்கள். வினையூக்கி பூசாத வெறும் ஃபோமையும் அதே முறையில் ஓட்டி, அந்தக் கோட்டை அதே படத்தில் போடுங்கள். ஃபோம் சும்மா இருக்கும் பொருள் இல்லை, அதுவே ஓரளவு வேலை செய்யும்.

டாஃபெல் சாய்வு புத்தகத்துக்குப் பொருந்தவில்லை

மின்னோட்டம் பத்து மடங்காக எத்தனை மில்லிவோல்ட் கூடுதலாக வேண்டும் என்பதே டாஃபெல் சாய்வு. ஹைட்ரஜன் பக்கத்தில் 120, 40, 30 என்ற மூன்று எண்களுக்குள் அடங்காவிட்டால் பதற வேண்டாம். முதலில் ஐ.ஆர். திருத்தத்தைச் சரிபாருங்கள், திருத்தாத தடை சாய்வை ஏற்றிக் காட்டும். பிறகு, நேர்கோடு மின்னோட்டத்தில் குறைந்தது ஒரு பத்து மடங்குக்காவது நீள்கிறதா என்று பாருங்கள். குமிழி கொப்பளிக்கும் மேல் பகுதியில் நான்கு புள்ளியை எடுத்துக் கோடு போட்டால் எந்த எண்ணும் வரும்.

இங்க் உதிர்கிறது, அல்லது ஒரே மாதிரி செய்த மூன்று மின்முனைகள் மூன்று விதமாக வருகின்றன

கிளாசி கார்பனை 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாவால் வரிசையாக, எட்டு வடிவத்தில் தேய்த்து, ஒவ்வொரு நிலைக்கும் இடையே கழுவுங்கள். பெர்ரிசயனைடு சி.வி. எடுத்துப் பாருங்கள், முகடுகளின் இடைவெளி 60–75 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பரப்பு நலம், 100-ஐத் தாண்டினால் மறுபடி தேயுங்கள்.

இங்க் என்பது வினையூக்கித் தூளை மின்முனையில் பூசுவதற்காகக் கலக்கும் குழம்பு. அதற்கு வழக்கமான அளவு: 5 மில்லிகிராம் வினையூக்கி, நீரும் ஐசோப்ரோப்பனாலும் கலந்து சுமார் 960 மைக்ரோலிட்டர், 5 சதவீத நாஃபியான் 40 மைக்ரோலிட்டர். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்முனையின் பரப்பு 0.0707 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 4 மைக்ரோலிட்டர் விட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 0.28 மில்லிகிராம். சோனிகேட்டர் தொட்டியில் ஐஸ் போடுங்கள். இங்குள்ள சூட்டில் அரை மணி நேரத்தில் தொட்டி நீர் நன்றாகச் சூடேறி ஐசோப்ரோப்பனால் ஆவியாகிவிடும். இங்க் செறிந்துபோய், கணக்குக்கு மேல் வினையூக்கி விழும். 1 மில்லிகிராம் மட்டும் நிறுத்து இங்க் செய்யாதீர்கள், தராசு 0.1 மில்லிகிராம் பிசகினாலே பத்து சதவீதம் போய்விடும்.

துளி வேகமாகக் காய்ந்தால் விளிம்பில் வளையமாகச் சேரும், நடுவில் வெறுமை. மின்முனையை நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒரு பீக்கரைக் கவிழ்த்து, உள்ளே ஒரு சொட்டு ஐசோப்ரோப்பனால் விட்டால் மெல்லக் காயும். பூச்சு தோலாக உரிந்தால் நாஃபியான் குறைவு, செயல்திறன் மந்தமாக இருந்தால் அதிகம். நாஃபியான் அமிலத்தன்மை உள்ளது என்பது அடிக்கடி மறந்துபோகும் செய்தி. ஹைட்ராக்சைடு வகை வினையூக்கியை அது இங்க்கிலேயே அரிக்கத் தொடங்கும். அந்த வகைக்குக் காரத்தால் நடுநிலையாக்கிய நாஃபியானைப் பயன்படுத்துங்கள்.

ஹைட்ரஜன் மின்முனையில் வெண்படலம்

தண்ணீர். கேத்தோடின் அருகே காரத்தன்மை இன்னும் கூடுவதால் கால்சியமும் மக்னீசியமும் அங்கே வந்து படிகின்றன. போர்வெல் நீர் உப்பாக இருக்கும் இடங்களில் வாலைவடி கருவி கொதித்துத் தெறித்தால் உப்பு அந்தப் பக்கம் தாவிவிடும். உலோகக் கருவியானால் செம்பும் இரும்பும் கூடவே வரும். கடத்துதிறன் மீட்டர் வையுங்கள்: மிகத்தூய நீரின் மின்தடைத்திறன் 18.2 மெகா ஓம் சென்டிமீட்டர், கடத்துதிறனாகச் சொன்னால் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ். ஒற்றை வடிநீர் அதை எட்டாது. கலம் கழுவ வடிநீர் போதும். காரம் கரைக்க மிகத்தூய நீர்தான் வேண்டும், வாரத்துக்கு இரண்டு லிட்டர் தேவைப்படுமா என்ன? அந்த வசதியுள்ள துறையிலிருந்து கேட்டு வாங்கி வாருங்கள். படிந்த படலத்தை அமிலத்தில் கழுவினால் வினையூக்கியும் சேர்ந்து போகலாம். புது மின்முனைதான் வழி.

வாயு அளவு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது

ஃபாரடே திறன், அதாவது செலுத்திய மின்னோட்டத்தில் வாயுவாக மாறிய பங்கு, 108 சதவீதம் என்று வந்தால் பெரும்பாலும் வெயிலும் நீராவியும்தான் காரணம். 10 மில்லிஆம்பியரை ஒரு மணி நேரம் செலுத்தினால் 36 கூலும். அது தரும் ஹைட்ரஜன் 0.187 மில்லிமோல். 25 டிகிரியில் உலர்ந்த வாயுவாக 4.56 மில்லிலிட்டர். ஆனால் நீருக்கு மேல் 35 டிகிரியில் சேகரித்தால் வாயு விரிகிறது, அதோடு 5.6 கிலோபாஸ்கல் நீராவியும் கலந்திருக்கிறது. அதே ஹைட்ரஜன் 5 மில்லிலிட்டராகத் தெரியும். ஒன்பது சதவீதம் இலவசமாக வந்தது போலிருக்கும். சேகரிக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே வெப்பமானியைக் கட்டி, நீராவி அழுத்தத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். நூறுக்குக் கீழே, 85 என்று வந்தால் கசிவு: ரப்பர் மூடிகளில் சோப்பு நீர் பூசிப் பாருங்கள்.

நீண்ட ஓட்டத்தில் மெல்லச் சரிவு, அல்லது மின்தடைக்குப் பிறகு வேறு மின்முனை போல நடக்கிறது

24 மணி நேரம் 10 மில்லிஆம்பியரில் மின்பகுப்பால் செலவாகும் நீர் 0.08 கிராம்தான். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மிச்சமெல்லாம் ஆவியானது. மட்டம் இறங்கினால் மூழ்கிய பரப்பு குறையும், காரம் செறியும். உள்ளே விடும் நைட்ரஜனை முதலில் ஒரு நீர்ப்புட்டி வழியாகக் குமிழியிட்டு ஈரமாக்குங்கள். கலத்தில் மார்க்கரால் மட்டத்தைக் குறித்து, இறங்கினால் நீரை மட்டும் சேருங்கள், கே.ஓ.எச்.சை ஊற்றாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாளைத் தவிர்த்து நீண்ட ஓட்டத்தைத் தொடங்குங்கள். பொட்டன்ஷியோஸ்டாட்டுக்கும் கணினிக்கும் மட்டுமல்ல, சர்குலேட்டருக்கும் யு.பி.எஸ். தாங்குமா என்று பாருங்கள். சர்குலேட்டர் மட்டும் நின்றால் கலம் சூடேறி, கோட்டில் ஒரு முன்னேற்றம் தெரியும். முழுவதும் நின்றால், ஹைட்ரஜன் மின்முனை காப்பை இழந்து, கரைந்திருக்கும் ஆக்சிஜனால் ஆக்சிஜனேற்றம் அடையும். நிக்கல்–மாலிப்டினம் வகையில் மாலிப்டினம் காரத்தில் கரைந்தே போய்விடும். மின்சாரம் நின்றவுடன் மின்முனையை வெளியே எடுத்து, நைட்ரஜன் குமிழியிட்ட நீரில் அலசி, நைட்ரஜனில் உலர்த்தி வையுங்கள். மீண்டும் தொடங்கும்போது தடையை மறுபடி அளந்து, முதல் பதினைந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காமல், நின்ற நேரத்தையும் தொடங்கிய நேரத்தையும் படத்திலேயே குறியுங்கள். இரண்டு துண்டுகளையும் ஒட்டி ஒரே கோடாகப் போடாமல் இடைவெளியை இடைவெளியாகவே விட்டுவிடுங்கள்.